ஜோடி சேராத கீல்

தலை உட்கார மறுத்தது.

யாஹெய் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றான். ஹினோக்கி மரத்தில் செதுக்கிய மண்டையோட்டை இரண்டு கைகளாலும் பிடித்து, அதே மரத்தில் செதுக்கிய முதுகுத்தண்டின் உச்சியில் மெல்ல இறக்கினான். கையை எடுத்தான். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பொக்கை வாயை இளித்துக்கொண்டே மரத்தூளில் விழுந்து உருண்டது.

"எழவு!"

"எழவுதான். ஆனா உன்னுது இல்ல, அவனுது" என்றார் வைத்தியர் கெந்தன், மண்டையோட்டைக் காட்டி. "ஏம்பா, மூணு தரம் இழைச்சுட்ட. இன்னுமா சேரல?"

"என் கை கெட்டுப்போச்சு வைத்தியரய்யா. இருபது வருஷமா அலமாரி செய்யறேன். ஒரு கதவு இப்படி என்னை அவமானப்படுத்தினதில்ல."

மினோசே கோட்டை நகரத்தில் இதற்கு முன் யாரும் இப்படி ஒரு வேலையைத் தச்சனிடம் கொடுத்ததில்லை. ஒரு முழு மனித எலும்புக்கூட்டை மரத்தில் செய்ய வேண்டும். முழங்கால் மடங்க வேண்டும், முழங்கை நீள வேண்டும், தாடை திறந்து மூட வேண்டும். எலும்பு வைத்தியம் பார்க்கும் கெந்தனின் பல நாள் கனவு அது. கோட்டையில் மனுப்போட்டு, தலை வெட்டப்பட்ட கொள்ளைக்காரன் கன்பெய்யின் எலும்புகளை வாங்கியிருந்தார். சிறைக் குழியிலிருந்து தோண்டி, வேகவைத்துக் கழுவி, இரண்டு பெட்டிகளில் அனுப்பியிருந்தார்கள். பெரிய பெட்டியில் உடம்பு. சின்னப் பெட்டியில் தலை.

சாவுத் தீட்டு என்று மற்ற தச்சர்கள் ஓடிவிட்டார்கள். யாஹெய் ஒத்துக்கொண்டான். காரணம், அவன் தம்பி.

யாஹெய் மரம், தம்பி இசோகிச்சி உலோகம். அண்ணன் அலமாரி செய்ய, தம்பி அதற்குக் கீல் அடிப்பான். அந்த இசோகிச்சி, செர்ரி பூத்திருந்த நாட்களில் ஒரு சாயங்காலம், "ஒரே ஒரு கிண்ணம் சாக்கே குடிச்சுட்டு வந்துடறேன்" என்று போனவன் திரும்பவில்லை. காணாமல் போனவன் அந்த ஊர்ச் சட்டப்படி ஓடிப்போனவன். வீட்டார் தேடிக் கொண்டுவர வேண்டும், உயிரோடோ பிணமாகவோ. புத்தாண்டுக்குள் கிடைக்காவிட்டால் ஊர்ப் பதிவேட்டிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். பட்டறையின் பெயர்ப்பலகை இறங்கிவிடும். அவன் பெண்டாட்டி ஓரிக்கு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

யாஹெய் துறைமுகம், ஒசாகா சத்திரங்கள், மலைக்கோயில்கள் எல்லாம் அலைந்துவிட்டான். ஒரு துப்பும் இல்லை. இப்போது இலையுதிர்காலமும் முடிகிறது. "மரமனுஷனைக் கோட்டையில காட்டும்போது மூத்த அமைச்சர் காலைப் பிடிச்சாவது உனக்கு ஒரு வருஷம் தவணை வாங்கித் தர்றேன்" என்று கெந்தன் சொல்லியிருந்தார். நாளை மறுநாள் கோட்டையில் காட்ட வேண்டும்.

தலையோ உட்காரவில்லை.

"கீல்லதான் ஏதோ கோளாறு" என்றார் கெந்தன், குனிந்து கழுத்தைப் பார்த்து.

"கீல்னு சொல்லாதீங்க. அது எங்க வார்த்தை. உங்களுக்கு மூட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல, அதை வெச்சுக்கங்க."

நம் பேச்சில் கதவில் இருப்பதும் கீல், உடம்பில் இருப்பதும் கீல். அதில் வாதம் வந்தால் கீல்வாதம். அந்த ஊரிலும் இதே கதைதான். சோட்சுகாய் என்பார்கள். அலமாரியில் இருப்பதும் சோட்சுகாய், தாடையில் இருப்பதும் சோட்சுகாய். யாராவது விழுந்து விழுந்து சிரித்தால், "பார்த்து, தாடைக் கீல் கழண்டுடப் போகுது" என்பார்கள்.

"உங்க வார்த்தையா? யார் சொன்னா?"

"பேர்லயே இருக்கே. சோ-ன்னா பட்டாம்பூச்சி. கீலை விரிச்சுப் போட்டுப் பாருங்க. ரெண்டு பக்கமும் றெக்கை, நடுவுல ஆணிதான் உடம்பு. அச்சு அசல் பட்டாம்பூச்சி. எவன் முட்டியிலயாவது பட்டாம்பூச்சி பார்த்திருக்கீங்களா?"

"பட்டாம்பூச்சி பின்னால பறந்து வந்து உக்காந்துச்சுப்பா. முதல்ல இருந்தது சுகாய். ஜோடி. குளத்துல ஆணும் பொண்ணுமா மிதக்குற வாத்துக்கு என்ன சொல்றோம்? சுகாய். வில்லாளி அம்பை நாண்ல பொருத்தறானே, அதுக்கும் அதே வேர்தான். அம்போட காடி நாண்ல உக்காருற மாதிரி எலும்பு எலும்புல உக்காருது. அதனால வார்த்தை எங்களுது."

"அப்ப நாங்க உங்ககிட்ட திருடிட்டோம்?"

"ரெண்டு பேருமே வில்லாளிகிட்ட திருடிட்டோம்னு வெச்சுக்க. அவன் கையில வில் இருக்கு, கேட்டுத் தொலைக்கப் போறான், மெதுவாப் பேசு."

யாஹெய் சிரித்துவிட்டான். தம்பி போனதிலிருந்து அவன் சிரிப்பதே அபூர்வம்.

"ஜோடின்னு சொன்னீங்க பாருங்க, அது மட்டும் சத்தியம். கீலோட ரெண்டு இலையையும் ஒண்ணா வெச்சுத்தான் துளை போடணும், ஒண்ணா வெச்சுத்தான் அரம் போடணும். இசோகிச்சி ஜோடிக்கு ஜோடி புள்ளி குத்தி வெப்பான். இந்த ஜோடியோட இலையை அந்த ஜோடிக்கு மாத்திப் போட்டா, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா ஆணி இறங்கவே இறங்காது."

"அந்த நாய் பேச்சை எதுக்குண்ணே இப்ப எடுக்குறீங்க?"

மூலையிலிருந்து ஓரிக்குவின் குரல். காய்ந்த நாணல் தண்டால் ஒரு மர எலும்பைத் தேய்த்து வழவழப்பாக்கிக் கொண்டிருந்தாள். செதுக்குவது யாஹெய், தேய்ப்பது அவள்.

"ஒசாகாவுல எவளோ ஒருத்தி மடியில தலை வெச்சுக்கிட்டு சாக்கே குடிச்சுட்டிருப்பான். இங்க நான் கொள்ளைக்காரன் எலும்பைத் தேய்க்கிறேன். வரட்டும், அவன் எலும்பையும் இதே மாதிரி தேய்க்கிறேன்!"

"தேய்ம்மா, தேய்" என்றார் கெந்தன். பிறகு யாஹெய் பக்கம் திரும்பினார். "மரத்தைக் குத்தம் சொல்றதுக்கு முன்னால நிஜ எலும்பைப் பார்த்துடுவோம். எடு."

யாஹெய் பெட்டிகளைத் திறந்தான். நிஜ மண்டையோட்டை நிஜக் கழுத்தின் மேல் வைத்தார் கெந்தன். விரல் நுனிகளால் அதைத் திருப்பினார், நகர்த்தினார், அழுத்தினார். எத்தனையோ மூட்டுகளைக் கிண்ணத்துக்குள் தள்ளிய விரல்கள் அவை.

தலை சரிந்தது.

யாஹெய்க்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. "பார்த்தீங்களா! என் கை சரியாத்தான் செதுக்கியிருக்கு!"

கெந்தன் மண்டையோட்டைக் கவிழ்த்துப் பிடித்தார். மண்டையோட்டின் அடியிலிருந்த இரண்டு மேடுகளைத் தடவினார். கழுத்தின் உச்சி எலும்பிலிருந்த இரண்டு குழிகளைத் தடவினார். மேடு அகலம், குழி குறுகல்.

"தலைப் பெட்டியில வேற ஏதாவது இருந்துச்சா?"

"அடியில ஒரு துணி முடிச்சு இருந்துச்சு. விழுந்த பல்லா இருக்கும்னு விட்டுட்டேன். அவனுக்குத்தான் முன்பல்லே கிடையாதே."

கன்பெய்க்கு முன்பல் இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஆற்றங்கரைப் பலகையில் மூன்று நாள் அந்தத் தலையை வைத்திருந்தபோது பார்க்காதவர்கள் யார்?

கெந்தன் முடிச்சை அவிழ்த்தார். பல் இல்லை.

எலும்புகள். கழுத்து எலும்புகள்! மூன்று முழுசாக, நான்காவது பாதியாக. அந்தப் பாதி எலும்பின் அடிப்பக்கம் சாணை பிடித்த கல் மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரே வீச்சில் வாள் கடந்து போன வழி.

"இதை இந்த மண்டையில வெச்சுப் பாரு" என்றார் கெந்தன்.

யாஹெய் வைத்தான். முதல் எலும்பு, மண்டையின் அடியில் போய், ஆணி இறங்கியது போலக் கச்சிதமாக உட்கார்ந்தது. ஜோடி!

"அப்படின்னா..." யாஹெய் உடம்புப் பெட்டியைப் பார்த்தான். "அப்படின்னா இதுல இருக்கிற கழுத்து?"

கெந்தன் உடம்பின் கழுத்து எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். உச்சியிலிருந்து தோள் வரைக்கும் எல்லாம் முழுசு. ஒரு கீறல் இல்லை.

"யாஹெய், தலை வெட்டுப்பட்டவன் கழுத்துல என்ன இருக்கணும்?"

"வெட்டு."

"தலையில வெட்டு இருக்கு. உடம்புல வெட்டு இல்ல."

இரண்டு மாதமாக அவன் பெஞ்சில் கிடந்தவன் ஒருவன் இல்லை. இரண்டு பேர். தலை கன்பெய்யுடையது. உடம்பு யாருடையது?

"சிறை அதிகாரி கதகிரி முத்திரை போட்டுல்ல அனுப்பினாரு?"

"தலையைப் பார்த்து முத்திரை போட்டிருப்பார். போர்லகூட என்ன வழக்கம்? எதிரியோட தலையைக் கழுவிப் பிரபு முன்னால வெப்பாங்க. தலையைச் சரிபார்த்தா ஆளைச் சரிபார்த்த மாதிரி. முண்டத்தை எவன் பார்க்கிறான்?"

"அதுக்காக வேற ஒருத்தன் உடம்பையா அனுப்புவாங்க? யாருய்யா இவன்?"

பதற்றத்தில் யாஹெய் மர எலும்புக்கூட்டின் வலது கையைப் பிடித்துத் தூக்கினான். அது உயர்ந்தது, தோளுக்கு மேல் போனது. டக்! தோள் பந்து கிண்ணத்திலிருந்து முன்பக்கமாக நழுவித் தொங்கியது.

"இது வேற! கையைத் தூக்கினாலே கழண்டுடுது. கிண்ணத்து விளிம்புல ஒரு சில்லு உடைஞ்சிருக்கு, பந்துல பின்னால ஒரு பள்ளம். இருக்கிறபடியே செதுக்கச் சொன்னீங்க, செதுக்கினேன். அப்படியே இசோகிச்சி தோள் மாதிரி..."

வாய் அப்படியே நின்றுவிட்டது.

பட்டறையில் ஓரிக்குவின் நாணல் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. சர், சர், சர்.

யாஹெய் கெந்தனைப் பார்த்தான். கெந்தனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவர் நிஜத் தோள் எலும்பைக் கையில் எடுத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, உடைந்த விளிம்பில் கட்டைவிரலை வைத்தார்.

"எத்தனை தடவை" என்றார் மெல்ல. "எத்தனை தடவை இதை உள்ள தள்ளியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்பான். 'வைத்தியரே, எனக்கு மட்டும் கீல் ஆணி மறந்துட்டாங்க'ன்னு."

"இல்ல. இல்ல வைத்தியரய்யா. ஊர்ல ஆயிரம் பேருக்குத் தோள் கழலும்."

"ஆமா. கழலும்."

"அண்ணே!" ஓரிக்கு கூப்பிட்டாள். "இந்தக் கை எலும்பு ஏன் இப்படிக் கோணலா இருக்கு? தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்க்கிறேன், நேராவே வர மாட்டேங்குது. செதுக்கும்போது தூங்கிட்டீங்களா?"

அவள் தூக்கிக் காட்டினாள். இடது முன்கை எலும்பு. மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே ஒரு வளைவு, அதன் மேல் ஒரு முண்டு.

யாஹெய் அந்த வளைவைத் தன் உளியால் இம்மி பிசகாமல் செதுக்கியிருந்தான். செதுக்கும்போது அது வெறும் கோணல். இப்போது அதில் ஒரு பெர்சிமன் மரம் தெரிந்தது. கிளை முறிந்தது. எட்டு வயசுத் தம்பி கீழே கிடந்தான், கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லாதண்ணே" என்று.

"எங்கப்பா கட்டின கட்டு" என்றார் கெந்தன், அவள் காதில் விழாதபடி. "கோணலாச் சேர்ந்துடுச்சுன்னு சாகும்வரை வருத்தப்பட்டார்."

யாஹெய் எழுந்து போனான். ஓரிக்குவின் கையிலிருந்து அந்த மர எலும்பைப் பிடுங்கினான்.

"இன்னும் வழவழப்பு வரலண்ணே!"

"போதும்."

"இன்னும் கொஞ்சம்..."

"விடுன்னு சொல்றேன்ல!"

ஓரிக்கு பிரமித்துப்போய்ப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூத்தவர் அவளிடம் குரல் உயர்த்தியதே இல்லை. "உங்களுக்கு என்னவோ ஆயிடுச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே சோறு வைக்க உள்ளே போனாள்.

அவள் போனதும் யாஹெய் அந்த எலும்பைப் பெஞ்சில் வைத்தான்.

உளியை எடுத்து இடுப்பில் செருகினான். கெந்தன் வாசலை மறித்து நின்றார்.

"எங்க கிளம்பிட்ட?"

"கதகிரியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேக்கணும்."

"கேளு. பதில் வாளா வரும். சாமுராயைக் குத்தம் சொல்ற தச்சனுக்கு விசாரணை கிடையாது, தெரியும்ல? நாளைக்கு ஆத்தங்கரையில உன் தலை இருக்கும். இசோகிச்சி அப்பவும் ஓடிப்போனவனாத்தான் இருப்பான். அந்தப் பொண்ணு அப்பவும் தெருவுலதான் நிக்கும்."

"அப்ப என் தம்பியைப் பெட்டியில போட்டுக் கோட்டையில காட்சி வெக்கணுமா?"

"வெக்கணும்" என்றார் கெந்தன். அவர் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "நாம ஒண்ணும் சொல்லக் கூடாது. எலும்பு சொல்லும். மீதியைக் கதகிரியே சொல்லணும்."

இரண்டு நாள் கழித்து, கோட்டைக் கூடத்தில் புதுப் பாய் வாசனை. மூத்த அமைச்சர் நடுவில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த கிழவர், கண் மட்டும் கழுகுக்கண். வலது பக்கம் சிறை அதிகாரி கதகிரி, விறைப்பாக. எலும்பு கொடுத்தவர் என்ற முறையில் அழைப்பு. கூடத்துக்கு வெளியே, தாழ்வாரத்தின் ஓரத்தில், தரையில் நெற்றி பட யாஹெய்.

மரமனிதன் ஒரு கம்பத்தில் நின்றான், தலை இல்லாமல். தலை பக்கத்தில் ஒரு தட்டில். அதற்குப் பின்னால் நிஜ எலும்புகளின் இரண்டு பெட்டிகள்.

அமைச்சருக்கு ஒரே ஆனந்தம். முழங்காலை மடக்கிப் பார்த்தார். விரல்களை ஆட்டிப் பார்த்தார். தாடையைத் திறந்து மூடினார். "பேஷ்! பேசவும் வெச்சிருந்தா என் வேலையை இதுகிட்டக் குடுத்துடலாம்!" கூடம் மரியாதைக்குச் சிரித்தது. "ஆமா, தலை ஏன் தட்டுல இருக்கு?"

கெந்தன் தலை குனிந்தார். "உட்கார மாட்டேங்குதுங்க பிரபு."

"தச்சன் தப்பா?"

"தச்சன் தப்பு இல்லீங்க. நிஜ எலும்பும் உட்காரல. இது ரெண்டு பேர்."

கூடத்தில் விசிறிகள் நின்றன.

"உளறல்!" கதகிரி வெடித்தார். "நான் என் கண்ணால சரிபார்த்து முத்திரை போட்டேன். கன்பெய் தலைதான் அது!"

"தலை கன்பெய்யோடதுதாங்க. சந்தேகமே இல்ல." கெந்தன் பாதி எலும்பை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து நகர்த்தினார். "தலையோட வந்த கழுத்துல வாள் போயிருக்கு. உடம்போட கழுத்தையும் பிரபு பார்க்கணும். எல்லாம் முழுசு. வெட்டே படாத ஒரு கழுத்துல இருந்து தலை எப்படி விழுந்துச்சுன்னு இந்த வைத்தியனுக்குப் புரியல. அதிகாரிக்குப் புரியும்."

அமைச்சர் பாதி எலும்பை எடுத்துப் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து முழு எலும்புகளை.

"கதகிரி. கன்பெய் உடம்பு எங்க?"

கதகிரியின் நெற்றியில் வேர்வை. "கோட்டைப் பிரபுவோட புது வாளைச் சோதிக்கணும்னு வாள்காரர் கேட்டார். வழக்கம்தானே. வெட்டுப்பட்டவன் முண்டத்துல சோதிச்சாங்க. துண்டு துண்டாயிடுச்சு. அப்புறம் வைத்தியர் முழுசா வேணும்னு கோட்டை உத்தரவோட வந்து நின்னார். குழியில இருந்த வேற ஒண்ணை எடுத்துக் குடுத்தோம். எலும்புதானே பிரபு! எந்த எலும்பா இருந்தா என்ன?"

"அந்த வேற ஒண்ணு யாரு?"

"யாரோ நாதியத்தவன். பிச்சைக்காரன்."

"இந்த வருஷம் சிறையில கன்பெய்யைத் தவிர யாரும் சாகலைன்னு நீதான் எனக்குச் சொன்ன."

கதகிரி நெற்றியைத் துடைத்தார்.

அப்போதுதான் அது நடந்தது. தாழ்வாரத்தில் கவிழ்ந்து கிடந்த தச்சன் எழுந்தான். எழுந்ததே குற்றம். கூடத்துக்குள் காலை வைத்தான். அது மரணக் குற்றம். காவலர்கள் வாள்பிடியில் கை வைப்பதற்குள் யாஹெய் மரமனிதனிடம் போய்விட்டான். அவன் எதுவும் சொல்லவில்லை. வலது கையைப் பிடித்து மேலே தூக்கினான்.

டக்!

தோள் கழன்று தொங்கியது.

இன்னொரு தடவை உள்ளே தள்ளித் தூக்கினான். டக்! அந்தச் சத்தம் அமைதியான கூடத்தில் எல்லோர் எலும்பிலும் கேட்டது.

கதகிரியின் முகத்தைப் பார்த்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள்: பேயைப் பார்த்த முகம்கூட அப்படி இருக்காது. அவர் கண் அந்தத் தொங்கும் தோளிலேயே நிலைகுத்தி நின்றது. அவர் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார்.

"நிறுத்துடா! அதை நிறுத்து!"

யாஹெய் மூன்றாவது தடவை தூக்கினான். டக்!

"நான் கொல்லல! கையைப் பின்னால கட்டித் தொங்கவிட்டோம், அவ்வளவுதான்! எல்லாரையும் அப்படித்தான் விசாரிக்கிறோம்! தோள் தானாக் கழண்டுச்சு! கத்தினான், வைத்தியரைக் கூப்பிடுங்க, கெந்தனைக் கூப்பிடுங்கன்னு கத்தினான்! நடிக்கிறான்னு நெனச்சோம்! காலையில பார்த்தா..."

தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"தொங்கவிட்டதா நான் சொல்லவே இல்லையே கதகிரி" என்றார் அமைச்சர், ரொம்ப மெதுவாக. "பேரு?"

கதகிரி மறுபடி அந்தத் தோளைப் பார்த்தார்.

"பேரைக் கேட்டேன்."

"இசோகிச்சி. கீல் அடிக்கிற இசோகிச்சி. கன்பெய் கிடங்குக் கதவுகளை எப்படித் திறந்தான்? கீல் ஆணியைத் தட்டி எடுத்துத்தான் திறந்தான். கீல் செய்யறவன் எவனோ சொல்லிக் குடுத்திருக்கணும்னு சந்தேகம். குடிச்சுட்டு சிறை வாசல்ல பாட்டுப் பாடிட்டு நின்னான், பிடிச்சோம். அவனுக்கு ஒண்ணும் தெரியல. எங்களுக்கே அது... அது அப்புறம்தான் தெரிஞ்சுது."

கெந்தன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் வீடு சிறையிலிருந்து ஒரு கூப்பிடு தூரம். கூப்பிட்டிருந்தால் போயிருப்பார். ஒரு தள்ளு, ஒரு திருகு, முடிந்திருக்கும்.

அமைச்சர் விரலை அசைத்தார். இரண்டு காவலர்கள் கதகிரியின் இடுப்பிலிருந்து வாள்களை உருவி எடுத்தார்கள். அவர் எதிர்க்கவில்லை. இழுத்துக்கொண்டு போகும்போதும் தலையைத் திருப்பி அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு போனார்.

"தச்சா." அமைச்சரின் குரல். "அனுமதி இல்லாம உள்ள வந்த."

யாஹெய் தரையில் விழுந்தான். "தண்டனை குடுங்க பிரபு. ஆனா அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு. என் தம்பி ஓடிப்போகல. அதை மட்டும் உங்க வாயால சொல்லிடுங்க."

அமைச்சர் பாதி எலும்பைத் துணியில் திரும்ப வைத்தார்.

"இசோகிச்சி ஓடிப்போகல. பேரு வெட்டப்படாது. பட்டறை இருக்கும். அவன் மனைவி அந்த வீட்டுக்காரியாவே இருப்பா. இது உத்தரவு." அவர் மரமனிதனைப் பார்த்தார். சற்று முன் குழந்தை மாதிரி அதை ஆட்டிப் பார்த்த தன் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டார். "நீ உள்ள வந்ததை நான் பார்க்கல. எலும்பை எடுத்துட்டுப் போ. மரத்தையும் எடுத்துட்டுப் போ."

வீடு வரைக்கும் கெந்தன் கூடவே வந்தார். வாசலில் நின்றுவிட்டார்.

"நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நான்தான் சொல்லணும்."

"எவ்வளவு சொல்லப் போற?"

யாஹெய்க்குத் தெரியவில்லை. கையில் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி. அண்ணன் தூக்கக்கூடிய கனம்தான். சின்ன வயதில் முதுகில் சுமந்ததைவிடக் குறைவு.

ஓரிக்கு அடுப்படியில் இருந்தாள். காலடி கேட்டதும் திரும்பாமலே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னண்ணே ஆச்சு? தவணை கிடைச்சுதா? ஊர்த் தலைவர் பெண்டாட்டி இப்பத்தான் வந்துட்டுப் போனா. வீட்டைக் காலி பண்ண மூட்டை கட்டிட்டியான்னு கேக்குறா, சிறுக்கி. நானும் சொன்னேன், கட்டிட்டேன்டி, உன் புருஷனையும் சேர்த்துக் கட்டட்டுமான்னு!"

"தவணை வேணாம்மா. இனிமே தேட வேண்டியதில்ல."

கரண்டி நின்றது. ஓரிக்கு திரும்பினாள். முகத்தில் முதலில் வந்தது கோபம். அதற்குப் பின்னால், மறைக்க முடியாமல், பூ மாதிரி ஒன்று மலர்ந்தது.

"கிடைச்சுட்டானா? எங்கண்ணே இருந்தான்? எந்த ஊர்ல?"

யாஹெய் பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"நம்ம பட்டறையிலம்மா" என்றான்.

அவள் சிரிக்கப் போனாள். அவன் முகத்தைப் பார்த்தாள். வெள்ளைத் துணியைப் பார்த்தாள். கரண்டி கையிலிருந்து நழுவியது. பிறகு மெல்ல, மிக மெல்ல, மரத்தூள் இன்னும் ஒட்டியிருந்த தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தாள்.